கேட்டுக்கொண்டிருந்தவள்

அத்தியாயம் 11

ஏழாவது வாய்தாவுக்கும் ஜீப் வந்தது.

குட்வில் எஸ்டேட் பகுதியில் காலை ஒன்பது மணிக்கு ஜீப் வந்து நிற்கிற வீடு அது ஒன்றுதான். ஹார்ன் சத்தம் கேட்பதற்கு முன்பே விசாலாட்சி தலை பின்னி முடித்து, பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். ஆறு முறை போய் வந்ததில் அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டிருந்தது. கோர்ட்டுக்கு உடுத்த என்று ஒரு நீலப் புடவையைத் தனியாக மடித்து வைத்திருந்தாள். அதை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

இன்று டிரைவருக்குப் பக்கத்தில் சொக்கலிங்கமும் இருந்தார். அவள் கணவன் ராஜமாணிக்கத்தின் அண்ணன். பாராடாங் தீவில் சாலை வேலை எடுத்திருக்கும் காண்ட்ராக்டர். ராஜமாணிக்கம் அவரிடம்தான் மேஸ்திரி.

"இன்னிக்கு முடிஞ்சிரும் விசாலம்" என்றார். "மிக்கேல்கிட்ட கடைசிக் கேள்வி கேப்பாங்க. அப்புறம் தீர்ப்புக்கு ஒரு தேதி. அவ்வளவுதான்."

"அப்ப நான் வரணுமா பெரியத்தான்? துணி ஊறப் போட்டிருக்கேன்."

"வராம? நம்ம வீட்டுப் பொம்பளை ஒருத்தி தினமும் உள்ள உக்காந்திருக்கிறது எவ்வளவு மரியாதைன்னு உனக்குத் தெரியாது. காண்ட்ராக்டர் வீட்ல எதையும் மறைக்கலன்னு பஜார்ல பேசுறாங்க. ஏறும்மா, ஜல்தி."

அவள் ஏறினாள்.

மூன்றாவது வாய்தா அன்று அவளுக்குத் தலைவலி. வரவில்லை என்று சொல்லியனுப்பினாள். அதே ஜீப் டெலானிபூரில் சொக்கலிங்கத்தின் வீட்டுக்குப் போய், மாத்திரையும் ஒரு பிளாஸ்க் காப்பியுமாகத் திரும்பி வந்தது. அன்றும் ஏறிப் போனாள். ஆனால் சொக்கலிங்கத்தின் சொந்த மனைவி ஜெயலட்சுமியை அவர் ஒரு நாளும் கோர்ட்டுக்குக் கூப்பிட்டதில்லை. "அவளுக்கு ஹிந்தி புரியாது" என்பார். மூத்தவளைவிடத் தன்னை மேலாக மதிக்கிறார் என்று விசாலாட்சி எடுத்துக்கொண்டிருந்தாள்.

*

வழக்கு இதுதான்.

ஆனி மாதம், பாராடாங் ஜெட்டியிலிருந்து சிமெண்ட் மூட்டைகளோடும் ஆறு கூலிகளோடும் கிளம்பிய படகு, கரையிலிருந்து நாற்பது கஜம் போவதற்குள் கவிழ்ந்தது. ராஞ்சியிலிருந்து வேலைக்கு வந்திருந்த இருவர் செத்துப்போனார்கள். மற்ற நால்வர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அந்த நால்வரையும் அதே வாரத்தில் கல்கத்தா கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார் சொக்கலிங்கம். பயந்துபோயிருக்கிறார்கள் என்றார். அப்போது அது இரக்கமாகத்தான் தெரிந்தது.

படகோட்டி மிக்கேல்மேல் வழக்கு. கவனமில்லாமல் படகைச் செலுத்தி இரண்டு பேர் சாவுக்குக் காரணமானான் என்று.

முப்பது மூட்டை ஏற்றியிருந்தது என்று சொக்கலிங்கம் சாட்சி சொன்னார். முப்பது என்று ராஜமாணிக்கமும் சொன்னான். முப்பது அந்தப் படகு வழக்கமாகத் தாங்குகிற பாரம். அப்படியானால் படகு கவிழ்ந்ததற்கு அதை ஓட்டியவன்தான் காரணம்.

விசாலாட்சி அன்று ஜெட்டிக்கு மேலே, கூலிகளுக்குச் சமைக்கிற கொட்டகையில் இருந்தாள். முப்பது மூட்டை ஏறியதும் "போதும்" என்று சொல்லிவிட்டு மிக்கேல் சாப்பிட வந்தான். ஜெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சோறு போட்டது அவள். ராஜமாணிக்கம் வேகமாக மேலே ஏறி வந்து, "மிக்கேலுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு விசாலம், பசியோட இருக்கான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அவள் போட்டாள். மீன் குழம்பும் ஊற்றினாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவன் முதுகுக்குப் பின்னால், இன்னும் பத்து மூட்டை படகில் இறங்கின. சொக்கலிங்கம் கையை அசைத்துக்கொண்டு நின்றார். மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டினார்கள்.

அவள் எதிரே நின்று பார்த்தாள். கணவன் தன்னை ஏன் இன்னும் சோறு போடச் சொன்னான் என்பது படகு கவிழ்ந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

*

கோர்ட் மரக் கட்டடம். தகரக் கூரை. வராந்தாவில் சாட்சிகளுக்கு ஒரு நீளப் பலகை. பேர் கூப்பிடும்வரை அவர்கள் அங்கேதான் உட்காரவேண்டும். உள்ளே, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு நான்கு பெஞ்சுகள். அதில் கடைசி பெஞ்சு பெண்களுக்கு.

அதனால் மிக்கேலின் மனைவி செலினும் காண்ட்ராக்டர் வீட்டு விசாலாட்சியும் ஏழு வாய்தாவாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம் விட்டிருந்தார்கள். வேறு பெண்கள் வரவர இடம் குறைந்தது. இப்போது தோள் இடித்தது. செலின் விடியற்காலையில் மீன் விற்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வருவாள். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் வாடை இருக்கும்.

செத்துப்போன இருவருக்காக யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் வீடுகளுக்குத் தேதி தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ராஜமாணிக்கம் சாட்சி சொன்ன அன்று செலின் அவள் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "உங்க வீட்டுக்காரரு சொல்லுதது நெசமா?"

விசாலாட்சி தரையைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து செலின், "உங்க குழம்பு நல்லாருந்துச்சுன்னு எங்க வீட்ல சொன்னாவ" என்றாள். "நிம்மதியாச் சாப்பிட்ட கடைசிச் சோறு அதான்னு."

அதோடு பேச்சு நின்றுபோயிருந்தது.

*

இன்று மிக்கேலைக் கேள்வி கேட்டார்கள்.

மாஜிஸ்திரேட் நல்ல உயரம். மெல்லிய குரல். தீவில் எல்லோரும் பேசுகிற ஹிந்தியில் கேட்டார். மிக்கேலும் அதிலேயே பதில் சொன்னான்.

"படகில் எத்தனை மூட்டை இருந்தது?"

"முப்பது ஹுஜூர். நான் எண்ணி ஏத்தினேன்."

"கிளம்பும்போது படகு எப்படி இருந்தது?"

மிக்கேல் கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான்.

"கனமாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. முந்தின நாள் மழை. மூட்டையில ஈரம் ஏறியிருக்கும்னு நெனச்சேன். கடல் தண்ணி வத்த ஆரம்பிச்சுருச்சு, படகைச் சீக்கிரம் எடுன்னு சொன்னாங்க. எடுத்துட்டேன்."

"கனமாக இருந்தது தெரிந்தும் எடுத்தாய்."

"ஆமா ஹுஜூர்."

"வழக்கமான பாரம் என்றால் ஏன் கவிழ்ந்தது?"

"நானும் அஞ்சு மாசமா அதைத்தான் யோசிக்கிறேன். இருபது வருஷமாச் சுக்கான் பிடிச்ச கை. எங்க தப்பாத் திருப்புச்சுன்னு தெரியல. எங்கயோ திருப்பியிருக்கணும். ரெண்டு உசுரு போச்சே. தப்பு என் மேலதான் இருக்கணும்."

அவனுடைய வக்கீல் வேதநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் கட்சிக்காரன் இப்படிப் பேசினால் வக்கீலுக்குச் செய்ய அதிகம் இல்லை.

மாஜிஸ்திரேட் எழுதி முடித்தார். "உங்கள் தரப்புச் சாட்சி யாராவது உண்டா?"

வேதநாயகம் எழுந்தார். அவர் வாயைத் திறந்ததும் மழை வந்தது.

இந்த ஊர் மழைக்கு முன்னெச்சரிக்கை கிடையாது. தகரக் கூரையில் அது விழுந்தால் உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்தார். மழை நிற்கும்வரை கோர்ட்டும் நிற்கும். எல்லோருக்கும் இது பழக்கம். சிலர் பீடி பிடிக்க வராந்தாவுக்குப் போனார்கள்.

செலின் எழுந்திருக்கவில்லை. விசாலாட்சியும் எழுந்திருக்கவில்லை. கூண்டில் இருந்து இறக்கி ஸ்டூலில் உட்காரவைக்கப்பட்டிருந்த மிக்கேல், வலது கையை விரித்துப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

"அவர் மேல தப்பில்ல" என்றாள் விசாலாட்சி.

செலினுக்குக் கேட்கவில்லை.

"தப்பில்ல" என்று அவள் காதருகில் குனிந்து கத்தினாள். ஐந்து மாதமாக உள்ளே வைத்திருந்த ரகசியத்தைக் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. "நாற்பது மூட்டை. அவர் சாப்பிடறப்ப பத்து ஏத்தினாங்க. நான் பார்த்தேன்."

செலின் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மீன் வெட்டுகிற கை. வளையல் உள்ளே பதிந்தது.

"எப்பம் பாத்திய?"

"அன்னிக்கே."

"அன்னிக்கே பாத்துட்டு, ஏழு வாய்தாவா எம் பக்கத்துல உக்காந்திருந்தியளோ."

அது கேள்வி இல்லை. செலின் பிடியை விடாமல் எழுந்து, அவளை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

*

வேதநாயகம் முழுவதையும் கேட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று விசாலாட்சி எதிர்பார்த்தாள். வரவில்லை.

"நீங்க அன்னிக்குக் கொட்டகையில இருந்தது எனக்குத் தெரியும்மா" என்றார். "என் லிஸ்டில முதல் பேரே உங்க பேருதான். முதல் வாய்தா அன்னிக்கு நேரா உள்ள வந்து உட்கார்ந்தீங்க. அன்னிக்கே கோடு போட்டு அடிச்சுட்டேன்."

"ஏன்?"

"சாட்சி சொல்லப்போறவங்களை ஏன் வெளியில உட்கார வைக்கிறாங்கன்னு நினைக்கிறீங்க? உள்ள யார் என்ன சொன்னாங்கன்னு கேட்டுட்டு, அதுக்கு ஏத்த மாதிரி சொல்லக் கூடாதுன்னுதான். நீங்க எல்லாத்தையும் கேட்டுட்டீங்க. இனிமே நீங்க எதைச் சொன்னாலும், கேட்டுக் கேட்டுக் கட்டினதும்பாங்க." அவர் நிறுத்தினார். "உங்களை உள்ள வந்து உட்காரச் சொன்னது யாரு?"

"பெரியத்தான். ஜீப் அனுப்புவாரு."

"ஒவ்வொரு வாய்தாவுக்கும்?"

"ஆமா."

"ஒரு நாளாவது வராம இருந்தீங்களா?"

"தலைவலின்னு சொன்னேன் ஒரு நாள். மாத்திரை வந்துச்சு."

வேதநாயகம் சிரித்த மாதிரி இருந்தது. "சொக்கலிங்கத்தை எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். கல்லும் மண்ணும் மட்டும் அளக்கிற ஆளுன்னு நெனச்சிருந்தேன்."

செலின் அவள் மணிக்கட்டை அப்போதுதான் விட்டாள். விட்ட விதம் வேண்டாத மீனைக் கூடைக்கு வெளியே போடுவது போல இருந்தது.

காப்பி பிளாஸ்க். "நம்ம வீட்டுப் பொம்பளை". பாதியில் எழுந்து வெளியே போனால் டிரைவர் வந்து, ஏதாவது வேண்டுமா என்று கேட்பது. ஒவ்வொன்றாக விசாலாட்சிக்கு நினைவு வந்தது. அவள் உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். செலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், சொல்லாமல் இருப்பதில் பாதி பாவம் கழியும் என்று நினைத்திருந்தாள். அந்தப் பாதியையும் சொக்கலிங்கம் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

*

ராஜமாணிக்கம் எதிரே டீக்கடையின் சார்ப்புக்குக் கீழே நின்றிருந்தான். அவள் நனைந்துகொண்டே போனாள்.

"என்ன விசாலம், மழையில?"

"என்னை உள்ள உக்கார வெச்சது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் டீயை ஊதினான். "யாரு சொன்னா?"

"தெரியுமான்னுதான் கேட்டேன்."

"அண்ணன் சொன்னாரு. அந்த வக்கீல் உன்னைக் கூண்டுல ஏத்தி அலைக்கழிப்பான், அது வேணாம்னு. உன் நல்லதுக்குத்தான்."

"அன்னிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னதும் என் நல்லதுக்கா?"

"மெதுவாப் பேசு."

"இந்த மழையில யாருக்குக் கேக்கும்?"

அவன் டம்ளரைப் பலகையில் வைத்தான். "ஜெயில் எல்லாம் ஆகாது. அபராதம்னு போயிரும். அண்ணன் கட்டிருவாரு. பேசியாச்சு."

"அந்த ஆளு உள்ள தன் கையைப் பார்த்துட்டு உக்காந்திருக்காரு. எங்க தப்பாத் திருப்பினோம்னு யோசிச்சுக்கிட்டு. அதுக்கு யாரு கட்டுவா?"

ராஜமாணிக்கம் மழையைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. கல்யாணமாகிக் கப்பலில் வந்தபோது நான்கு நாளும் வாந்தி எடுத்தவளுக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். அண்ணன் சொன்னால் செய்வான். அவ்வளவுதான். அவளுக்கு இப்போது அதுதான் பயமாக இருந்தது.

"சொல்லணும்னா சொல்லு" என்றான். "ஆனா ஒண்ணு. அண்ணன் வாயைத் திறந்து ஏத்துன்னு சொல்லல. கையைத்தான் காட்டினாரு. கூலிகளைக் கூப்பிட்டு ஏத்தினது நான். தார்ப்பாய் கட்டினது நான். நீ பேசினா உள்ள போறது நான், அவரு இல்ல. அதையும் யோசிச்சுக்க."

அவன் சொன்னது உண்மை. ஐந்து மாதத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

*

திரும்பி வந்தபோது வேதநாயகம் அதே இடத்தில் நின்றிருந்தார். மழை குறைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன் சார். உள்ள கேட்டதை வெச்சுத்தானே நான் கட்டிச் சொல்றேம்பாங்க?"

"ஆமா."

"நாற்பதுன்னு உள்ள ஒருத்தரும் சொல்லலையே. நான் ஏழு வாய்தாவும் கேட்டேன். ஒருத்தர் வாயிலயும் வரல."

வேதநாயகம் அவளைக் கூர்ந்து பார்த்தார். "அதுக்கு, இட்டுக்கட்டினதும்பாங்க. முப்பதா நாற்பதான்னு இனிமே யாரு எண்ண முடியும்? கடல்ல போனது."

"எண்ணலாம் சார்."

"எப்படி?"

"சிமெண்ட் தண்ணியில போனா கரையாதே. சாக்கோட கல்லாயிரும். கொட்டகை வாசல்ல படி கட்டினதே அப்படி நனைஞ்சு போன மூட்டையை அடுக்கித்தான். அங்க இருக்கறப்ப நான் துணி துவைக்கிறதும் அந்தக் கல்லுலதான். படகை மட்டும்தான் மேல இழுத்தாங்க. மூட்டையை யாரும் எடுக்கல. வீணாப் போனதுன்னு விட்டுட்டாங்க. தண்ணி நல்லா வத்தினா அந்த இடம் ரெண்டு ஆள் ஆழம்தான் இருக்கும். முப்பது கல்லா, நாற்பது கல்லான்னு முங்கி எண்ணிரலாம்."

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். செலினைப் பார்த்தார். செலின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர்?" என்றார்.

"தெரியும்" என்றாள். "சொல்லிட்டாரு."

*

டவாலி மூன்று முறை கூப்பிட்டான். "விசாலாட்சி தேவி ஹாஜிர் ஹை?" அவள் பெயரோடு அவனாக ஒரு தேவியைச் சேர்த்துக்கொண்டதில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் பெண்கள் பெஞ்சிலிருந்து எழுந்து நடந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

வழக்கு நடத்தும் இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். இந்த அம்மாள் முதல் நாளிலிருந்து உள்ளே உட்கார்ந்திருப்பவர், எல்லாச் சாட்சியத்தையும் கேட்டவர், இவரை விசாரிக்கவே கூடாது என்றார்.

மாஜிஸ்திரேட் அவளைப் பார்த்தார். "எத்தனை நாள் வந்தீர்கள்?"

"ஏழு நாளும்."

"நானும் கவனித்திருக்கிறேன். யாருக்காக வந்தீர்கள்?"

வாசலில் சொக்கலிங்கம் நின்றிருந்தார். யார் போய்ச் சொன்னார்களோ. நடந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. ஆனால் முகம் அமைதியாக இருந்தது. தைரியமாகப் பேசு என்று ஊக்கப்படுத்துவதுபோலத் தலையை ஆட்டினார்.

"என்னைக் கூட்டிட்டு வந்தாங்க" என்றாள். "எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

மாஜிஸ்திரேட் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு, சாட்சியைக் கேட்கிறேன், அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கடைசியில் பார்க்கிறேன், உள்ளே உட்கார்ந்திருந்தவர் என்பதையும் எழுதிக்கொள்கிறேன் என்றார்.

அவள் சொன்னாள். முப்பது மூட்டை ஏறியது. மிக்கேல் போதும் என்றது. சோறு. கணவன் மேலே ஏறி வந்தது. இன்னும் கொஞ்சம் சோறு. பத்து மூட்டை. தார்ப்பாய். யார் கையைக் காட்டியது, யார் ஏற்றியது. கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. "என் வீட்டுக்காரர்" என்றாள். பெயரைச் சொல்லும்படி மாஜிஸ்திரேட் கேட்டார். அவள் சொன்னாள். குரல் வெளியே வரவில்லை என்று மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னாள்.

கல்லாகிக் கிடக்கும் மூட்டைகளைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்ததும் சொக்கலிங்கம் தலையாட்டுவதை நிறுத்தினார். அவள் முடிப்பதற்குள் வாசல் காலியாக இருந்தது.

அப்போது மிக்கேல், தான் ஒன்று சொல்லலாமா என்று கேட்டான். வேதநாயகம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மாஜிஸ்திரேட் சொல் என்றார்.

அவன் விசாலாட்சியைப் பார்த்தான். ஐந்து மாதமாகத் தன்னைத் தானே குற்றவாளியாக நிறுத்தி வைத்திருந்த மனிதன். விடுதலை கிடைத்த முகமாக அது இல்லை.

"ரெண்டாந்தரம் சோறு போட்டப்ப நான் வேணாம்னுதான் சொன்னேன் ஹுஜூர்" என்றான். "அந்த அம்மாதான் வற்புறுத்துனாங்க."

"உண்மையா?" என்று மாஜிஸ்திரேட் அவளைக் கேட்டார்.

"உண்மை" என்றாள் விசாலாட்சி.

அதுவும் எழுதப்பட்டது.

குறுக்கு விசாரணைக்கு அவகாசம் வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அடுத்த வாய்தா பத்து நாள் கழித்து. அதற்குள் நீர் வற்றுகிற நேரம் பார்த்து, இரு தரப்பும் இருக்க, அந்த மூட்டைகளை எண்ணி எழுதி அனுப்பும்படி பாராடாங்குக்கு உத்தரவு போகும். அதுவரை சாட்சி இந்த விஷயத்தை யாரோடும் பேசக் கூடாது. மாஜிஸ்திரேட் எழுந்துகொண்டார்.

*

வெளியே ஈரம். ஜீப் இல்லை.

செலின் அவளைக் கடந்து போனாள். நின்று ஏதோ சொல்ல நினைத்தவள்போல் இருந்தது. வேதநாயகம் செலினின் தோளைத் தொட்டார். "பேசாதே. நீ பேசினதைப் பாத்தா அதையும் கேப்பாங்க." செலின் தலையசைத்துவிட்டுப் படி இறங்கினாள். பேசக் கூடாது என்றதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்திருக்கலாம். ஜாமீனில் இருந்த மிக்கேல் அவளுக்கு நான்கு அடி பின்னால் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

வக்கீலின் குமாஸ்தா விசாரித்துக்கொண்டு வந்து அவரிடம் சொன்னது விசாலாட்சியின் காதிலும் விழுந்தது. உத்தரவு டைப் அடித்து, கையெழுத்தாகி, வியாழக்கிழமை தபால் படகான லாஞ்சில்தான் பாராடாங்குக்குப் போகும். இன்று செவ்வாய். சொக்கலிங்கத்துக்குச் சொந்த லாஞ்ச் இருக்கிறது. பாராடாங்கில் ஐம்பது கூலிகள் இருக்கிறார்கள். கடப்பாரையும் கயிறும் இருக்கின்றன.

வேதநாயகம் திரும்ப உள்ளே போனார். ஏறக்குறைய ஓடினார்.

ராஜமாணிக்கம் டீக்கடைப் பக்கத்திலிருந்து வந்தான். கோபம் இல்லை. திட்டுவான், அடிக்கக்கூட அடிப்பான் என்று அவள் எதிர்பார்த்து நின்றாள். அவன் அவளுக்கு முன்னால் வந்து நின்று, நனைந்த புடவையைப் பார்த்தான்.

"வீட்டுக்குப் போ. தலையைத் துவட்டு" என்றான். "நான் வர ரெண்டு மூணு நாள் ஆகும்."

"எங்க போறீங்க?"

"அண்ணன் லாஞ்ச்ல நிக்கிறாரு. வரச் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"பாராடாங்குக்கா?"

அவன் ஜெட்டிப் பக்கம் பார்த்தான்.

"நான் உங்க பேரைச் சொன்னேன்" என்றாள். "ரெண்டு தடவை."

"தெரியும். வெளிய கேட்டுச்சு."

அவன் போகத் திரும்பினான். நான்கைந்து அடி நடந்தும் விட்டான். அவள் பின்னாலேயே போனாள்.

"என்னங்க. எண்ணப் போறீங்களா, எடுக்கப் போறீங்களா?"

ராஜமாணிக்கம் நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமல், கோர்ட் வாசலில் டவாலி கதவுகளைச் சாத்துவதைப் பார்த்தான்.

"அதைப் பத்தி யாரோடயும் பேசக் கூடாதுன்னு உன்கிட்டச் சொன்னாங்கல்ல" என்றான்.

பிறகு ஜெட்டியை நோக்கி இறங்கிப் போனான்.